ஆறாம் நம்பர் கேமரா

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் கேமரா மாட்ட வந்த தர்ஷினி, ஏணியின் நான்காம் படியில் நின்றபடி சொன்னது. நடுநடுவே சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். டிரில் சத்தத்தில் பாதி வாக்கியங்கள் காணாமல் போயின. அவற்றை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். எங்காவது கதை தேவைக்கு மேல் அழகாக இருந்தால், அந்த இடம் என் கைவேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காவிரிக் கரையில் பச்சைப் பட்டு விரித்தாற்போல…’

வேண்டாம். தர்ஷினி அங்கே போன நாளில் அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெறும் தாளாகக் கிடந்தது.

மறுபடியும்: ‘கண்காணிப்பு என்பது நவீன மனிதனின்…’

இது கட்டுரை. அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். அதிராம்பட்டினத்துக் கடல்தொழில் குடும்பத்துப் பெண் தர்ஷினி. டிப்ளமோ முடித்து, தஞ்சாவூரில் கேமரா பொருத்தும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். திருக்காட்டுப்பள்ளிக்கு வெளியே பஞ்சநதம் என்பவரின் அரிசி மில்லில் எட்டு கேமரா மாட்ட அனுப்பப்பட்டாள். காலையிலேயே எட்டையும் மாட்டி, பதிவையும் ஓடவிட்டாள். முதல் கேமரா ஆபீசில். ஆறாவது, தவிட்டு மூட்டைகள் அடுக்கிய பின்கட்டு மூலையில்.

3

மத்தியானம் தர்மாம்பாள் வந்தாள். களத்தில் நெல் காயவைக்கும் பெண்களுக்கு மூத்தவள். தலைமுடியெல்லாம் உமித்தூசி.

“தங்கச்சி, அந்த மூலையில இருக்கறது எதைப் பாக்குது?”

“தவிட்டு மூட்டையைத்தான்க்கா.”

“மூட்டைக்குப் பின்னாடிதான் நாங்க புடவை மாத்துறோம். இந்தத் தூசியோட எப்படி பஸ் ஏறுறது?”

தர்ஷினிக்கு ஏணியில் ஏறியபோது மூட்டைதான் கண்ணில் பட்டது. கொடியில் தொங்கிய புடவைகள் படவில்லை. நேரே ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள்.

“நான் என்னம்மா அதையா பாக்கப் போறேன்?” என்றார் பஞ்சநதம். “மாசாமாசம் தவிட்டு மூட்டை காணாமப் போவுது. அங்க கேமரா இல்லன்னா வேற எங்க வெக்கிறது?”

(இங்கே ஒரு வில்லன் கிடைப்பார் என்று ஆசைப்பட்டேன். பென்சில் மீசை கூட வரைந்து வைத்திருந்தேன். “அப்படியெல்லாம் இல்ல சார். நல்ல மனுஷன். எனக்கு இளநி வாங்கிக் குடுத்தாரு” என்றாள் தர்ஷினி. மீசையை எடுத்துவிட்டேன்.)

“சரி, அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல போன்ல வர்ற மாதிரி பண்ணிக் குடு. வீட்டம்மா போன்லயும் போட்டு விடு. அவங்களும் ஒரு கண்ணு வெச்சுக்கட்டும்.”

தர்ஷினி அவர் வீட்டுக்கு போன் செய்து, அவர் மனைவி கமலவல்லியம்மாளுக்கு எதை எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். பத்து நிமிடம் ஆயிற்று.

4

பதினோராவது நிமிடத்தில் பஞ்சநதத்தின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னங்க, கையில என்ன?”

“கையிலயா? ரசீது.”

“ரசீதையா வாயில போட்டீங்க? அது அசோகா அல்வா. டாக்டர் என்ன சொன்னாரு? இருங்க, நான் வர்றேன்.”

பஞ்சநதம் மேஜை டிராயரை மெல்லச் சாத்தினார். நிமிர்ந்து முதல் கேமராவைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

“முதல்ல இதைத் திருப்பும்மா. நிம்மதியா ஒரு வாய் திங்க முடியல.”

வாசலில் தர்மாம்பாள் நின்றிருந்தாள். தர்ஷினியின் பின்னாலேயே வந்தவள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“ஒரு வாய் அல்வாவுக்கே உங்களுக்கு இப்படி இருக்குல்லங்கய்யா” என்றாள்.

(இதற்குப் பிறகு பஞ்சநதம் மனம் திருந்துவதாக ஒரு பத்தி எழுதினேன். கண்ணீர்கூட வந்தது, அவருக்கு அல்ல, எனக்கு. அதையும் அடித்துவிட்டேன்.)

அவர் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். “ஆறாம் நம்பரை வாசல் கேட்டுப் பக்கம் திருப்பிடும்மா. மூட்டை வெளிய போறதா இருந்தா அந்த வழியாத்தானே போவணும்” என்றார்.

5

தர்மாம்பாள் நகரவில்லை.

“காலையிலேர்ந்து ஓடிக்கிட்டிருந்துச்சே தங்கச்சி. எங்களோட நெல் காயவெக்கிற கனகா கொஞ்சம் முன்னாடிதான் மாத்திக்கிட்டு ஊருக்குப் போனா. அது உள்ள இருக்குமா?”

இருந்தது. தர்ஷினி பதிவில் அந்த மூலையைப் பார்க்காமலே நேரத்தை மட்டும் பார்த்தாள். ஒரு துண்டை மட்டும் தனியாக அழிக்க அதில் வழியில்லை. ஹார்டு டிஸ்கை மொத்தமாக ஃபார்மேட் செய்தால் கனகா போவாள். அல்வாவும் போகும்.

போன் மறுபடி அடித்தது. கமலவல்லிதான். “நான் வந்து பாக்குற வரைக்கும் எதையும் அழிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

இன்னொரு சங்கடமும் இருந்தது. வாடிக்கையாளர் சொல்லாமல் பதிவைத் தொடக்கூடாது என்பது கம்பெனி விதி. தொட்டால் வேலை போகும். பஞ்சநதத்தைப் பார்த்தாள்.

“அழிச்சிடும்மா” என்றார்.

கனகாவுக்காகச் சொன்னாரா, அல்வாவுக்காகச் சொன்னாரா? தர்ஷினியிடம் இதைக் கேட்டேன். அவள் டிரில்லை அழுத்தினாள்.

(முதல் வரைவில் அவள் சட்டென்று, வீரமாக அழித்தாள். படித்துக் காட்டினேன். “மவுஸ் ஒரு இடத்துல நிக்கவே இல்ல சார். அந்தக்கா என் தோள்ல கை வெச்சாங்க. அப்புறம்தான் அழுத்துனேன்.” ஆகவே, அப்படியே.)

திரை கறுத்து, எட்டுக் கட்டங்களும் புதிதாக எழுந்தன.

6

ஏணியை எடுத்துப்போய் ஆறாவதைத் திருப்பிவிட்டு வந்தாள். கேட்டைப் பார்த்து அது காட்டிய முதல் ஆள் கமலவல்லி. ஸ்கூட்டியை நிறுத்திய வேகத்திலேயே கோபம் தெரிந்தது. தர்மாம்பாள் எதிரே போய் நின்றாள். ஆபீசில் தர்ஷினியும் பஞ்சநதமும் மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கேமராக்களில் ஒலி கிடையாது.

தர்மாம்பாள் பேசினாள். புடவைத் தலைப்பை உதறிக் காட்டினாள். கமலவல்லி ஏதோ கேட்டாள். தர்மாம்பாள் பின்கட்டைக் கைகாட்டினாள். கமலவல்லி ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து, ஆபீசுக்கு வராமல், அந்த மூலைக்கு நடந்தாள். அந்த மூலையை இப்போது எந்தக் கேமராவும் பார்க்கவில்லை.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கமலவல்லி அங்கே கதவு வைத்த அறை கட்டச் சொல்கிறாள். இன்னொன்றில் எல்லாரும் சேர்ந்து அல்வா சாப்பிடுகிறார்கள். மூன்றாவதை எனக்கே பிடிக்கவில்லை. மூன்றையும் கிழித்துவிட்டேன். இரண்டு பெண்கள் தனியாகப் பேசுவதற்கென்று ஓர் இடம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது, அங்கே என்னையும் மாட்டிவைப்பானேன்?

நீங்கள் வேண்டுமானால் போய்க் கேளுங்கள். ஆனால் போவதற்கு முன் குரல் கொடுத்துவிட்டுப் போங்கள்.