டார்ச் வெளிச்சத்தில் பெருஞ்சலங்கை

சத்தம் இருந்தது, படம் இல்லை. கூடத்துச் சுவரில் டிவி கிணற்று நீர் போல இருண்டு கிடக்க, அதன் ஆழத்திலிருந்து பறை அதிர்ந்தது. கோயில் திருவிழாவை உள்ளூர் கேபிளில் காட்டிக்கொண்டிருந்தார்கள். கந்தப்பனுக்குக் காதில் மட்டுந்தான் திருவிழா.

மருமகள் கீதா இன்று பெருஞ்சலங்கை ஆடுகிறாள். கனத்த சலங்கையைக் காலில் கட்டிக்கொண்டு ஆண்களே ஆடிவந்த ஆட்டம்.

"இந்த ஊட்டு மருமக ஊர் முன்னால குதிக்கறதா?" என்று காலையில் கேட்டார்.

"குதிக்கலீங்க மாமா, ஆடறேனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மகன் அருள்குமாரும் சலங்கைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான்.

வரமாட்டேன் என்றார் கந்தப்பன். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அவரிடம் இல்லை. ஆனால் வீட்டின் பேர் அங்கே சபையில் எப்படி நிற்கிறது என்று வீட்டுப் பெரியவர் பார்த்தாக வேண்டுமே.

பொள்ளாச்சியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் டிவி மெக்கானிக் ஆஃப்ரின்.

"ஏனுங்க ஐயா, அத்தனை அவசரப்படுத்துனீங்களே, கிரிக்கெட்டுங்களா?"

"செய்தி பாக்கோணும்."

"இதுல திருவிழா ஓடுதுங்களே?"

"செய்திக்கு முன்னால ஓடுது."

ஆஃப்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பொட்டுனு போச்சுங்களா, மங்கி மங்கிப் போச்சுங்களா?"

"மத்தியானம் ரெண்டு மூணு தரம் மினுக்குச்சு. அப்பறம் இருட்டுத்தான்."

அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டார்ச்சை டிவியின் முகப்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தாள். இருட்டுக்குள் ஒரு சிறு வட்டம் வெளுத்தது. அதில், நீருக்கடியில் மீன்கள் திரும்புவது போல, மங்கலாக மனிதர்கள் அசைந்தார்கள்.

"பாருங்க, படம் அப்படியே இருக்குது. பின்னால எரியற எல்.இ.டி பட்டைதான் போயிருச்சு. வெளிச்சத்தை எப்பவும் முழுசா வெச்சிருப்பீங்களா?"

"ஆமா. எங்கூட்டுக் கூடம் ரோட்டுல போறவனுக்குப் பளிச்சுனு தெரியோணும்."

"ரோட்டுல போறவனுக்காகச் சூடேத்தி ஏத்திப் பட்டையவே கருக்கிப்போட்டீங்களே!" என்று சிரித்துவிட்டாள்.

அந்தக் கூடத்தில் அவரைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை. அவர் பதில் சொல்ல வாய் திறந்தபோது பறை நின்றது. ஒரே ஒரு சலங்கை ஒலித்தது. பிறகு எல்லாச் சலங்கைகளும் சேர்ந்துகொண்டன.

ஆஃப்ரின் திருப்புளியை எடுத்தாள். "கரண்டை அமத்திக் கழட்டறேனுங்க. கடையில வெச்சுத்தான் பட்டை மாத்தோணும். நாளைக்குக் கொண்டாந்து மாட்டிர்றேன்."

"இருங்க அம்மணி. அந்த டார்ச்சைக் கொடுங்க."

வட்டத்தை அவரே நகர்த்தினார். அது போகிற இடத்தில் மட்டும் உலகம் உண்டாகி, விட்டு வந்த இடத்தில் கலைந்தது. ஒரு குடை, ஒரு தோரணம், புழுதியில் வரிசையாக எழும் கால்கள். நிறம் எதுவும் இல்லை. சாம்பல் வெளிச்சத்தில் எல்லோரும் தூக்கத்தில் ஆடுவது போலிருந்தது. ஒரு ஜோடிக் காலைப் பிடித்து மெல்ல மேலே ஏறினார். இடுப்பில் இறுகச் செருகிய சேலை. வளையாத முதுகு. கூட்டத்தைப் பார்க்காமல் நேராக நோக்கும் முகம். இந்த வீட்டு வாசலில் முதல்நாள் நுழைந்தபோதும் அவள் இப்படித்தான் நிமிர்ந்து வந்தாள்.

அவர் முழங்கால் தரையில் படிந்திருந்தது. எப்போது மண்டியிட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆருங்க அது?" என்றாள் ஆஃப்ரின்.

"எங்கூட்டுப் புள்ளை."

ஆட்டம் முடிகிற வரைக்கும் ஆஃப்ரின் திருப்புளியை டிவியில் வைக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கீதா வீடு திரும்பினாள். கூடத்துச் சுவர் வெறுமையாக இருந்தது.

"டிவி எங்கீங்க மாமா?"

"மத்தியானமே படம் போயிருச்சு. ரிப்பேருக்குப் போயிருக்குது."

அவள் முகம் வாடியது. உள்ளே நடந்தாள்.

"எடது கால் சலங்கை தளந்து கெடந்துச்சு, கண்ணு" என்றார் கந்தப்பன், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். "அடுத்த தடவை இறுக்கிக் கட்டோணும்."