மூன்றாம் நம்பர் கிடாரி

பண்ணைக்காரர் ஸ்ட்ரூப்பின் மூன்றாம் நம்பர் கிடாரிக்குப் பின்னங்கால் இரண்டும் கம்பம் நட்டது போல நேராக நின்றன. மடக்கு இல்லை. சிமெண்ட் தரையில் நடத்திக்கொண்டு வரும்போதே விறைத்து விறைத்துக் கட்டை போல வந்தது. ரெண்டு கன்று போட்டால் உட்கார்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம், கண் போதும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் கண் நன்றாகவே இருந்தது.

கான்சாஸில் எங்களுடையது மாதிரிச் சின்னக் கல்லூரிகளில் விவசாயமும் விவசாய வணிகமும் படிப்பவர்களுக்கு மாடு மதிப்பிடும் குழுதான் ஏணி. நாலு மாட்டை வரிசைப்படுத்த வேண்டும். பிறகு தாள் இல்லாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏன் அந்த வரிசை என்று நடுவரிடம் ஒப்பிக்க வேண்டும். கடைசியாக வைத்த மாட்டிடமும் ஒரு நல்லதை ஒப்புக்கொள்ள வேண்டும், அது முறை. டென்வர் போட்டிக்குப் போகிறவர்களைப் பெரிய பல்கலைக்கழகங்கள் மேற்கொண்டு படிக்கக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளும். மிச்சமிருந்தது ஒரே இடம். ஒன்று எனக்கு, இல்லையென்றால் குழுவில் என்னோடு இருக்கும் கோல்பிக்கு. கோல்பிக்கு இது போனால் அவன் அப்பாவின் நிலம் இருக்கிறது. எனக்குப் பன்றிக் கொட்டகை கழுவுகிற குழாய் இருக்கிறது.

தேர்வை ஸ்ட்ரூப்பின் பண்ணையில் வைத்தார் கோச் விட்மர். எங்கள் கல்லூரிக் கால்நடைக் கூடம் அவர் பணத்தில் கட்டியது, அதன் நெற்றியில் இருப்பதும் ஸ்ட்ரூப்பின் பெயர். வரும் சனிக்கிழமை அவர் பண்ணையில் ஏலம். அவர் மருமகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் ஒப்பிப்பதெல்லாம் ஏல விளம்பரத்துக்குப் போகுமாம்.

"மூணாம் நம்பரு எங்க வீட்டு ராணி. பாத்துப் பேசுங்க பசங்களா," என்றார் ஸ்ட்ரூப், தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு.

கோச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பதிலும் இருந்தது.

கோல்பி என் காதருகே வந்தான். "காலப் பாத்தியா?"

"பாத்தேன். நீ?"

"பாக்காம? தச்சன் அடிச்ச நாற்காலி மாதிரி இருக்கு."

அதே வாயோடு போய்க் கேமரா முன் நின்றான். மூன்றாம் நம்பரை முதலாவதாக வைத்தான். அதன் நடை ஆறு போல ஓடுகிறதாம். முதுகு மேசையாம். தன் வாழ்நாளில் இப்படி ஒரு கிடாரியைக் கண்டதில்லையாம். அவன் வாழ்நாளே பத்தொன்பது வருஷம். ஸ்ட்ரூப் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். விற்கிறவன் தன் சரக்கைத் தானே நம்ப ஆரம்பிக்கும்போது அவன் மூஞ்சியில் ஒரு எண்ணெய் வழியும். வழிந்தது.

"டெஸ்ஸா, வா," என்றார் கோச்.

போனேன். கையைக் கட்டிக்கொண்டேன். மூன்றாம் நம்பரைக் கடைசியில் வைத்தேன்.

"மூணாம் நம்பருக்குப் பின்னங்கால்ல மடக்கே இல்ல. அடி எடுத்து வைக்க முடியாம நடக்குது. அத வாங்குறவங்க ரெண்டாம் கன்னுக்குள்ள கறிக்கு அனுப்புவாங்க. ஒண்ணு மட்டும் ஒப்புக்குறேன்: மத்த மூணயும் விட இதத்தான் நல்லாக் குளிப்பாட்டியிருக்காங்க."

மருமகளின் போன் இறங்கியது. ஸ்ட்ரூப் பெரிதாகச் சிரித்து, "இந்தப் பொண்ணுக்கு வாயி இருக்குய்யா!" என்றார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, கண்ணுக்குப் போகவில்லை.

கோச் தன் வரிசையைப் படித்தார். மூன்றாம் நம்பர் முதலாவது. படிக்கும்போது கிடாரியை அவர் பார்க்கவில்லை. இருபது வருஷம் மாடு பார்த்த ஆள்.

வேனருகே என்னை ஒதுக்கிக் கூப்பிட்டார். "நீ பாத்தது சரிதாம்மா. யாரு பாக்கல? ஆனா நம்ம படிப்போட பேர்ல வணிகமும் இருக்குல்ல? அந்தப் பாதிய நீ இன்னும் படிக்கல."

"டென்வருக்கு யாரு, கோச்?"

"கோல்பி." வேன் சாவியை எடுத்தார். "மனசு விடாத. டென்வர் வரைக்கும் வேன் ஓட்ட ஒரு ஆள் வேணும். நீ வண்டி நல்லா ஓட்டுவ. கூட வந்து வேடிக்கை பாத்த மாதிரியும் இருக்கும்."

அதை நிஜமாகவே ஒரு தயவு என்று நினைத்துச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கோல்பியே ஓட்டட்டும் கோச். கண்ணெதிர நிக்கிறதப் பாக்காம இருக்க அவனுக்குத்தான் நல்லா வருது. ரோட்டுல என்ன ஆகுதுன்னு பாப்போம்."

வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த கோல்பிக்குக் கேட்டிருக்கும். காது மடல் சிவந்தது. ஆனாலும் அந்த இடத்தை விடவில்லை.

நான் பின் கதவைத் திறந்து ஏறினேன். அந்த ஆட்களோடு ஒரே வண்டியில் போக எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. பண்ணையிலிருந்து ஊருக்கு வேறு வண்டி கிடையாது.