பன்னிரண்டு பூஜ்யங்கள்

“1962 மார்ச் 14, புதன். பூசணிப் பாத்திக்குத் தேனீ வருவதில்லை என்று எழுதியது தவறு. சிறிய தவறுதான். ஆனால் பன்னிரண்டு முறை செய்திருக்கிறேன்.”

‘சிறிய’ என்று எழுதியது சரிதானா என்று சேதுபதிக்கு உறுத்தியது. அடிக்காமல் விட்டான்.

பகலெல்லாம் கஃப் ரோட்டு மில்லில் மசாலா அரைத்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவன் அவன். அதே பள்ளியில் காலையில் சிறுபிள்ளைகள் படித்தார்கள். பின்பக்க வேலியோரம் இரு சாராருக்கும் தலா ஒரு பாத்தி. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வருகிற மாதிரி எதையாவது நடவேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளைகள் செவ்வந்தி வைத்தார்கள். மாலை வகுப்பார் பூசணி போட்டார்கள்.

கையெழுத்து நன்றாக இருந்ததால் நோட்டு சேதுபதியிடம் வந்தது. தேதி, தண்ணீர், பூ, தேனீ என்று நான்கு கட்டம் போட்டான். வகுப்புள்ள நாளெல்லாம் ஆறேகாலுக்குக் கொடியருகே போய் நிற்பான். பூக்கள் மடக்கிய குடைபோல் சுருங்கிக் கிடக்கும். தேனீக் கட்டத்தில் பூஜ்யம் விழும்.

திங்களன்று தலைமையாசிரியர் அந்த நோட்டைப் புரட்டினார்.

“சைக்கிள் நிறுத்த இடமில்லாம தவிக்கிறோம். தேனீயே வராத இடத்துல பூசணி எங்கே காய்க்கப் போவுது? வெள்ளிக்கிழமை கொடியை எடுத்துடுங்க.”

அதற்குச் சாட்சி சேதுபதியின் கையெழுத்தே.

“கொடியை அறுத்தது உன் நோட்டுதான்டா,” என்றான் பக்கத்து மேசை நூர்தீன். “ஒரே ஒரு தேனீ சேர்த்து எழுதியிருந்தா என்னவாம்?”

“வராததை வந்துச்சுன்னு எப்படி எழுதறது?”

“ஒரு எறும்பைப் பிடிச்சு ரெக்கை வரைஞ்சு விட்டிருக்கலாம்லா.”

இன்று காலை மில்லில் பெல்ட் அறுந்தது. பத்து மணிக்கு மேல் வந்தால் போதும் என்றார் முதலாளி. அறுக்கப்போகிற கொடியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சேதுபதி பள்ளிப் பக்கம் நடந்தான். மணி எட்டரை.

வேலியோரம் அப்படியே நின்றுவிட்டான். கோயில் திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கிகள்போல் பூக்கள் வாயகலத் திறந்திருந்தன. உள்ளே தேனீக்கள் மகரந்தத்தில் புரண்டுகொண்டிருந்தன. மஞ்சள் அரைத்த நாளில் அவன் வீடு திரும்பும் அதே கோலம். பதினொன்று எண்ணினான். ஒன்றை இருமுறை எண்ணியிருப்போமோ என்ற சந்தேகத்தில் பத்து என்று எழுதினான். ஒரு பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருந்தது.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனான்.

“சார், நோட்டுல இருக்கறது தப்பு.”

“தேனீ வருதா?”

“காலையில வருது சார். நாங்க சாயங்காலம்தானே வர்றோம். பூ மூடினப்புறம் எண்ணியிருக்கேன்.”

அவர் நோட்டை வாங்கிப் பன்னிரண்டு பூஜ்யத்தையும் மறுபடி பார்த்தார். “கடையைப் பூட்டினப்புறம் வாசல்ல நின்னுட்டு, வியாபாரமே இல்லைன்னு எழுதியிருக்க.”

எழுந்து கூடவே வந்தார். பிஞ்சைக் குனிந்து பார்க்கையில் ஒரு தேனீ அவர் காதைச் சுற்றியது, இரண்டடி பின்வாங்கினார்.

“சைக்கிளை முன்பக்கம் மரத்தடியில விட்டுக்கலாம்,” என்றார்.

மாலையில் விஷயத்தைக் கேட்ட நூர்தீன் சிரித்து முடிக்க நேரமானது. “அப்ப, நாம நட்டது நாம இல்லாதப்பதான் பூக்கும்னு சொல்லு. எங்க உம்மா வீட்டுப் பின்னால சுரை போட்டிருக்காங்க. பொழுது சாயுறப்பதான் பூக்கும், அந்துப்பூச்சி வரும். அதுங்களும் நம்மள மாதிரி நைட் ஸ்கூல்தான். விதை கொண்டாரேன்.”

வீட்டில் சேதுபதி பழைய பூஜ்யம் எதையும் அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘மாலை 6.15’ என்று குறித்தான். ‘நேரம்’ என்று ஐந்தாவது கட்டம் கோடு போட்டான். கோடு நேராகவே வந்திருந்தது. கீழே எழுதினான்:

“நாளை, வியாழன்: கிழக்கு மூலையில் சுரைக்கு இரண்டு குழி தோண்ட வேண்டும். நூர்தீனிடம் விதை வாங்கி ஊறப்போட வேண்டும்.”