எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி

என் அம்மா கங்கையம்மாள் தாம்பரம் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் விற்றாள். பள்ளிக்கூடம் போனதில்லை. யார் என்ன சொன்னாலும் உடனே தலையாட்டுகிற பழக்கமும் அவளுக்கு இல்லை. அப்பா சம்பத் ரயில்வேயில் கலாசி, எடுபிடி வேலை. டாக்டர், வாத்தியார், போஸ்ட்மேன் என்று படித்தவர் யாரைக் கண்டாலும் அவர் தோளிலிருக்கும் துண்டு தானாகக் கைக்கு இறங்கிவிடும்.

1991-ல் எனக்குப் பத்தொன்பது வயது. செம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரத்துக்கு வந்து டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். வயதுக்கு வந்த நாள் முதலே எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்ததில்லை. ஒரு தடவை நாற்பது நாள் ஆகும், ஒரு தடவை எழுபது நாள். அந்த வருஷம் ஆடியில் வந்ததுதான், ஐப்பசி பிறந்தும் வரவில்லை. அம்மா கேட்டால் வந்தது, குளித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். சொன்னால் என்ன நினைப்பாளோ என்று பயம். பிறகு அடிவயிற்றில் இடது பக்கம் ஒரு வலி வந்து போகத் தொடங்கியது. ஒருநாள் மெஷின் முன்னால் உட்கார முடியாமல் எழுந்து நேராக மார்க்கெட்டுக்குப் போய் அம்மாவின் சாக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்தேன்.

அம்மா வியாபாரத்தை நிறுத்தவில்லை. வந்தவளுக்குக் கொத்தமல்லி கட்டிக் கொடுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மூணு மாசமா கொடியில துணி காயல. எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான். வேறு எந்த அம்மாவும் அடுத்து கேட்டிருக்கக்கூடிய அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்கவேயில்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

விஷயம் அப்பாவின் அக்கா பாலாம்பாளுக்குத் தெரிந்து, தையில் ஒரு கல்யாணத்தைப் பண்ணிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று அவள் வந்து நின்றாள். "நோவுக்கு மருந்து மாப்பிள்ளையா? அந்தப் பையன் இன்னா டாக்டரா?" என்று கேட்டு அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் மூன்று பேரும் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமுக்குப் போனோம். அப்போதுதான் அந்தப் பக்கம் ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. மூத்திரப்பை நிறைந்தால்தான் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியுமாம். ஆறு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்து, ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான் தவித்தேன். அப்பா எனக்கு மேல் தவித்தார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சினைப்பையில கட்டி இருக்கு. எலுமிச்சம்பழம் சைஸ். இந்த வாரமே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்று ஒரு காகிதத்தை அப்பா பக்கம் நகர்த்தினார். அப்பா பேனாவை வாங்கிவிட்டார்.

"கொஞ்சம் இரு" என்று அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "டாக்டர் சார், எந்த எலுமிச்சம்பழம்?"

"என்னம்மா?"

"எலுமிச்சம்பழம்தான் சார் நான் விக்கறேன். கோலிகுண்டு மாதிரியும் கீது, சாத்துக்குடி மாதிரியும் கீது. இது எத்தினி பெருசு?"

அவர் எரிச்சலோடு படத்தைத் திரும்பப் பார்த்து, "நாலு சென்டிமீட்டர்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் விரலால் அளவு காட்டினேன்.

"உள்ள இன்னா கீது, தண்ணியா, சதையா?"

"தண்ணி மாதிரிதான் தெரியுது."

"தண்ணின்னா தானா வத்தாதா?"

"வெடிச்சா நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையில் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாவுக்கும் பயம்தான். படத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஆனாலும் கையெழுத்துப் போட விடாமல் எங்களை வெளியே கூட்டிவந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா சத்தம் போட்டார். "டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுய்யா. அதான் கேக்கறேன். கேட்டா அவரு சொல்லணுமா இல்லியா?"

அடுத்த இரண்டு நாளும் மிளகாய் வாங்க வந்த பெண்களிடமெல்லாம் அம்மா விசாரித்தாள். எனக்கு மானமே போய்விட்டது. ஆனால் அதில் ஒரு நர்ஸம்மா இருந்தார். குரோம்பேட்டையில் ரத்தினபாய் என்ற லேடி டாக்டர் இருக்கிறார், பொறுமையாகப் பேசுவார் என்று சொல்லி அனுப்பினார்.

ரத்தினபாய் டாக்டர் ஐம்பது வயதுக்காரர். வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். எனக்கு எத்தனை வயதில் ஆரம்பித்தது, எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது, வலி எப்படி என்று என்னிடமே கேட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு அம்மாவை அருகில் உட்கார வைத்து ஒரு தாளில் படம் போட்டார்.

"கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் சினைப்பை இருக்கும்மா. மாசாமாசம் அதுல ஒரு சின்ன நீர்ப்பை வளரும், உள்ள முட்டை இருக்கும். பை உடைஞ்சு முட்டை வெளியே வரணும். சில மாசம் உடையாம நின்னு, தண்ணி சேர்ந்து பெருசாயிடும். இவளுக்கு அப்படித்தான் தெரியுது. முக்காவாசிப் பேருக்கு ரெண்டு மூணு மாசத்துல தானா வத்திடும்."

"அது நின்னதாலதான் குளிக்காம கீறாளா?"

"இந்தத் தடவை அப்படி இருக்கலாம். வயசுக்கு வந்த புதுசுல சில வருஷம் முன்னப்பின்ன வர்றதும் சகஜம். தைராய்டு இருக்கான்னு ரத்தம் பாத்துடுவோம். மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுப்போம். அப்பவும் போகலேன்னா, இல்ல பெருசாச்சுன்னா, ஆபரேஷனைப் பத்தி யோசிக்கலாம்."

"இவ நாளைக்குப் புள்ள பெத்துக்குவாளா?"

"அதுக்கும் இந்தத் தண்ணிப் பைக்கும் சம்பந்தம் இல்ல."

அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்குள்ள இன்னா ஆனா ஓடியாரணும்?" என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாக் கேட்டீங்க. திடீர்னு தாங்க முடியாத வலி வந்து, கூடவே வாந்தி, மயக்கம் வந்தா, பை முறுக்கிக்கிச்சுன்னு அர்த்தம். அப்ப ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது."

அந்த மூன்று மாதமும் அப்பா வேலை விட்டு வந்ததும் "வலிக்குதாம்மா?" என்றுதான் முதலில் கேட்பார். கார்த்திகைக் கடைசியில் மாதவிலக்கு வந்தது. பொங்கல் கழிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. ரத்தத்திலும் குறையில்லை. அதற்குப் பிறகும் எனக்கு நாள் தள்ளித்தான் வந்தது. இருபத்திரண்டு வயதுக்குமேல்தான் ஒரு ஒழுங்குக்கு வந்தது.

மார்க்கெட்டில் இது எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஆபரேஷன் இல்லாமல் மகளைக் காப்பாற்றியவள் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, பூக்கடைக்காரர் ஒரு காலை வேளையில் அம்மாவிடம் வந்தார். மகளுக்கு விடியற்காலையிலிருந்து வயிற்றுவலி, இரண்டு தடவை வாந்தி, போன மாசம் ஸ்கேனில் கட்டி என்று சொன்னார்களாம். "நீ சொன்ன மாதிரி தானா வத்திடும்னு வூட்ல படுக்க வெச்சிருக்கேன்" என்றார்.

அம்மா சாக்கை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "வாந்தி எடுத்தாளா? கிளம்புண்ணே, ஆட்டோவக் கூப்பிடு. இது வத்தற கட்டி இல்ல."

நானும் கூடப் போனேன். அவர் வீட்டுக்குப் போய்ப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டோம். வழியெல்லாம் அந்தப் பெண் அம்மாவின் மடியில் தலைவைத்து முனகினாள். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் அம்மா வரிசையைத் தாண்டி உள்ளே போய், "முறுக்கிக்கிச்சு டாக்டரம்மா, வாந்தி கீது, விடியக்காலத்துலேந்து" என்று சொன்னதும் ரத்தினபாய் டாக்டர் வேறெதுவும் கேட்காமல் எழுந்தார். உடனே ஆபரேஷன் நடந்தது. ஒரு பக்கத்துச் சினைப்பை கறுத்துப்போய்விட்டதால் எடுக்க வேண்டியதாயிற்று. பெண் பிழைத்தாள். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

பூக்கடைக்காரர் தாழ்வாரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் அன்று எனக்காகத் தாளில் வரைந்த படத்தை விரலால் சிமென்டுத் தரையில் போட்டாள்.

"இது கர்ப்பப்பை. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. இது போச்சு. இது நல்லா கீது. ஒண்ணு போதும்ணே, கொழந்தை பொறக்க."

பூக்கடைக்காரர் தரையையே பார்த்தார். அங்கே ஒரு கோடும் இல்லை. "இன்னொரு தபா சொல்லு கங்கை" என்றார். அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.