கதவின் கீழ் மூலை

தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு தவறியிருந்தது. ரிலேக்காரர் கை கழுவிவிட்டு வருவதற்குள் அடித்து ஓய்ந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி அழுத்தப் போனபோது பொறியாளர், "அண்ணே, ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

தெரியாத எண் என்றால் அவருக்கு ஒரே நினைப்புதான். மூன்று வருடமாக அப்படித்தான். வீட்டுக்காரி கேலி செய்வாள். "லோன் வேணுமான்னு கேக்கறவன்கிட்டகூட 'எங்கம்மா இருக்கே'ன்னு ஆரம்பிக்கறீங்க. அவன் பயந்து வச்சிடறான்." சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். கொஞ்ச நேரம் பாத்திரங்களின் சத்தம் தேவைக்கு அதிகமாகவே கேட்கும்.

துணை மின்நிலையத்தின் புதிய கட்டுப்பாட்டு அறை ஒரு இரும்புப் பெட்டி. தரை, சுவர், கூரை எல்லாம் தகடு. உயரத்தில் எங்கோ ஒரு அணுகுண்டு வெடித்தால் கீழே சத்தம் வராது, நெருப்பு வராது. ஒரு மின்காந்த அலை மட்டும் வரும். கண் இமைப்பதற்குள் கருவிகளின் உள்ளிருக்கும் சில்லுகள் கருகிவிடும். பிறகு ஊர் ஊராக இருட்டுதான். அந்த அலையை வெளியிலேயே நிறுத்தத்தான் இந்த அறை. உள்ளே வரிசையாக ரிலேக்கள். கம்பியில் எங்கே கோளாறு என்று மோப்பம் பிடித்து, அந்த இடத்தை மட்டும் துண்டித்துவிடும் கருவிகள். வேலையில் சேர்ந்த நாள் முதல் அவற்றோடுதான் அவருக்குக் குடித்தனம். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டது.

மறுநாள் அதிகாரிகள் மீட்டரோடு ஆய்வுக்கு வருகிறார்கள். அதற்கு முன்னால் இங்குள்ளவர்களே ஒரு சோதனை செய்துகொள்வது வழக்கம். ஒருவர் போனோடு உள்ளே போவார். கதவை இறுக மூடி, வெளியிலிருந்து அந்த எண்ணை அடித்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே இருப்பவர் கதவின் ஓரமாகப் போனை நகர்த்திக்கொண்டு போவார். மணி அடித்தால் அந்த இடத்தில் ஓட்டை. அங்கே இரண்டு தட்டு தட்டினால் வெளியே ஃபிட்டர் அந்த இடத்துப் போல்ட்டை முறுக்குவார். மணி நின்றால் ஒரு தட்டு. கத்தினால் கேட்காது. தட்டுதான் பேச்சு.

"பொண்டாட்டி போனு வராத இடம்" என்றார் ஃபிட்டர், ஸ்பானரைத் தோளில் சாய்த்துக்கொண்டு. "வீட்ல எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே."

"உன் வீட்டுக்காரி கூப்பிட்டாத்தானே தடுக்கறதுக்கு?"

ரிலேக்காரர் போனோடு உள்ளே போனார். பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியிலிருந்து கதவின் சக்கரத்தைச் சுற்றினாள். கடைசிச் சுற்றில் போனின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின.

உள்ளே விளக்கு எரிந்தது. புது பெயிண்டின் நெடி. பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழாகப் போனார். மணி இல்லை. கதவின் மேல் ஓரம், கீழ் ஓரம், எதிலும் இல்லை. அந்த எண் மறுபடி கூப்பிட்டிருக்குமோ என்று ஒவ்வொரு சாணிலும் தோன்றியது.

மகள் வீட்டைவிட்டுப் போன அன்று அவர் வேலையில் இருந்தார். தானே தேர்ந்தெடுத்தவனோடு போகிறாள் என்று முன்பே தெரியும். போகிற நாளும் தெரியும். "ஷிப்ட் இருக்கு" என்று கிளம்பிவிட்டார். மாலை திரும்பியபோது அலமாரியின் மேலிருந்த தகர டப்பாவைக் காணவில்லை. கையால் சுற்றினால் ஓடும் ரேடியோவை அதற்குள் வைத்திருந்தார். எல்லாம் கருகிப்போன பிறகு சேதி கேட்க ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்று அவர் செய்தது. டப்பாவையும் அவரையும் சேர்த்து வருடக்கணக்கில் கிண்டல் செய்தவள் அதைத்தான் எடுத்துப் போயிருந்தாள். நகையைத் தொடவில்லை.

அடுத்த வருடம் ஒருமுறை கூப்பிட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டே அவர் பழைய கட்டுப்பாட்டு அறைக்குள் நடந்தார். அங்கேயும் தகடுதான். "அப்பா, நான் வரட்டுமா?" என்றாள். அதோடு அறுந்தது. அவர் வெளியே ஓடிவந்து அடித்தபோது எடுக்கவில்லை. இரவு அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாள். அப்பா வச்சிட்டாரு, இனிமே கூப்பிட மாட்டேன். பிறகு அந்த எண்ணே இல்லாமல் போனது.

கீல் பக்கம் வந்தார். கடைசி மூலை. மண்டியிட்டுக் குனிந்து போனை நீட்டினார். ஒரு கோடு ஏறியது. மணி அடித்தது.

தட்டுவதற்குக் கையை ஓங்கியவர் திரையைப் பார்த்தார். பொறியாளரின் எண் அல்ல. காலையில் தவறிய எண். ஓங்கிய கையை இறக்கி, போனை மூலையைவிட்டு நகர்த்தாமல் எடுத்தார்.

"அப்பா?"

காதைக் கதவோடு ஒட்டி வைத்தார். "சொல்லு பாப்பா."

"வேலையில இருக்கீங்களா?"

"இல்ல. சும்மாதான் இருக்கேன்."

அவள், கடைக்காரரிடம் விசாரிப்பவள்போல, "ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அந்த ரேடியோ டப்பா இருக்குல்ல, மூடி சரியா உக்கார மாட்டேங்குது. நீங்க பண்ற மாதிரி உள்ள போனை வச்சு அடிச்சுப் பாத்தேன். ரிங் போகுது."

"எப்படி ஆச்சு?"

"பையன் அதுமேல ஏறி உக்காந்துட்டான்."

தகடு கன்னத்தில் சில்லென்று இருந்தது. எத்தனையோ கேள்விகள் வரிசை கட்டின. "அப்போ நடக்கறானா?" என்றார்.

"ஓடறான்."

மேலே கிறீச்சென்று ஒரு சத்தம். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பொறியாளர் அடித்திருப்பாள். பிஸி என்று வந்திருக்கும். மூடிய அறைக்குள் போன் எப்படிப் பிஸியாகும்? பூட்டுப் பக்கம் சோதித்தாகிவிட்டது. மிச்சம் கீல் பக்கம். மேலிருந்து ஒவ்வொரு போல்ட்டாக ஃபிட்டர் முறுக்கிக்கொண்டு இறங்குகிறார்.

தட்டி நிறுத்தச் சொல்ல வழியில்லை. இரண்டு தட்டினால் இன்னும் முறுக்குவார்கள், ஒரு தட்டைப் பிஸி வரும்வரை நம்ப மாட்டார்கள். கதவின் சக்கரம் மறுகோடியில். எழுந்து போனால் கோடு போய்விடும். ஸ்பானர் இரண்டாவது போல்ட்டுக்கு வந்தது.

"நெளிஞ்ச இடத்தைத் தட்டி நேராக்கு" என்றார். குரல் நடுங்காமல் வேலைப் பேச்சாகவே வந்தது. "ஓரத்துல பெயிண்ட் இருந்தா சுரண்டிடு. இரும்பும் இரும்பும் தொடணும். ஒரு நூல் இடைவெளி போதும், எல்லாம் உள்ள வந்துடும்."

"சரிப்பா."

"ரேடியோ பாடுதா?"

"அவன்தான் சுத்துவான். விட மாட்டான், யாரு கேட்டாலும்." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "அப்பா, குரல் விட்டு விட்டு வருது."

ஸ்பானர் அவர் தலைக்கு நேராகக் கிறீச்சிட்டது.

"பாப்பா, இதைக் கேளு. லைன் கட்டாகப் போகுது. நான் கட் பண்ணல. இரும்பு ரூமுக்குள்ள இருக்கேன். அன்னைக்கும் நான் வைக்கல. வான்னு சொல்றதுக்குள்ள..."

திரையைப் பார்த்தார். கோடு இல்லை. எந்தச் சொல்வரை போய்ச் சேர்ந்தது என்று திரை காட்டவில்லை.

போனை அதே மூலையில் முன்னும் பின்னும் நகர்த்தினார். தரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அறை நன்றாக மூடிக்கொண்டது. அவருக்குப் பின்னால் ரிலேக்களின் சிறு பச்சை விளக்குகள் ஒன்றுகூட அசையாமல் எரிந்தன. சிறிது நேரம் மண்டியிட்டபடியே இருந்தார். பிறகு கையை மடக்கி, கதவில் ஒரு தட்டு தட்டினார்.

சக்கரம் சுற்றி, கதவு விலகியது. வெயில் உள்ளே விழுந்தது. பொறியாளர் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முழங்காலில் இருந்த தூசியை.

"பிஸின்னு வந்துச்சுண்ணே. யாரு?"

"வீட்ல."

"நல்லவேளை, கண்டுபிடிச்சோம். இனிமே எதுவும் வராது."

"வராது" என்றார்.

"அண்ணே, எங்க போறீங்க? டீ வந்துடுச்சு" என்று ஃபிட்டர் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. கம்பங்களுக்கு நடுவே சரளைக்கல்லில் வேகமாக நடந்தார். தலைக்கு மேல் கம்பிகள் இரைந்துகொண்டிருந்தன. வேலிக்கு அருகே, எந்தத் தகடும் சுவரும் இல்லாத இடத்தில் நின்றார். கோடுகள் எல்லாம் ஏறியிருந்தன. அந்த எண்ணை அழுத்தினார்.

பிஸி என்றது.

துண்டித்துவிட்டு மறுபடி அழுத்தினார். அப்போதும் பிஸி.

மூன்றாம் முறை அழுத்தப் போன விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அவளும் இந்நேரம் அடித்துக்கொண்டிருப்பாளோ. போனை உள்ளங்கையில் மல்லாத்தி வைத்து, தளும்பத் தளும்பத் தண்ணீர் ஏந்தியவர்போல, அசையாமல் நின்றார்.