அம்மாவின் இருமல்

"அம்மா, நான் யோசிக்கிறதுக்குள்ள என் கை போயிடுதே, அப்ப கையை அனுப்புறது யாரு?"

மகள் ஐந்து வயதில் கேட்டது. தையற்கடையில் வேலை பார்க்கும் தாய் அன்று சிரித்துவிட்டாள். இப்போது மகளுக்கு வயது ஒன்பது. பள்ளியில் பட்டப்பெயர் பட்டாசு. கடைசியாகத் தீயணைப்பு மணியை அழுத்தி, பள்ளி முழுவதையும் மழையில் நிறுத்திவிட்டாள்.

"மந்தபுத்தி இல்லைன்னு இன்னைக்கே எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா வேற பள்ளிக்கூடம் பாருங்க" என்றார் தலைமையாசிரியை. வேறு பள்ளி ஏது? மற்றவை எல்லாம் ஏற்கெனவே கைவிரித்தவை.

மருத்துவமனையில் பரிசோதனை செய்யும் பெண், சிறுமியின் தலையில் கம்பிகள் தொங்கும் தொப்பியை மாட்டினாள்.

"அக்கா, கரண்டு அடிக்குமா?"

"அடிக்காது. உன் மூளை பேசறதை ஒட்டுக்கேக்கப் போறேன், அவ்வளவுதான். தாழ்ந்த சத்தத்துக்குச் சும்மா இரு. கீச்சுனு வந்தா மட்டும் பொத்தானை அழுத்து."

பட்டாசு எல்லாவற்றுக்கும் அழுத்தினாள். பின்னால் உட்கார்ந்திருந்த தாய், 'கடவுளே, அவ விரலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ' என்று வேண்டினாள். கடவுள் பிடிப்பதற்குள், கீச்சொலி வந்ததும் அவளே இருமிவிட்டாள். அடுத்த முறையும் இருமினாள். சிறுமி புரிந்துகொண்டாள். அதன்பின் ஒரு தப்பும் இல்லை.

பரிசோதனைப் பெண் இயந்திரத்தை நிறுத்தினாள். "இவ மூளை சத்தத்தைக் கேக்கலம்மா, உங்க இருமலைக் கேக்குது. இந்தப் பதிவு செல்லாது."

தாய் எழுந்து வந்தாள். "இவளுக்கு இனிமே போக்கிடமே இல்ல மேடம். வேணும்னு செய்யல. வாய் முந்திக்கிச்சு."

"பொண்ணு யாரு சாயல்னு தெரியுது." திறக்கவிருந்த தன் சாப்பாட்டு டப்பாவை அவள் ஓரமாக நகர்த்தினாள். "மறுபடி எடுத்துடலாம். நீங்க வெளியில இருங்க."

தாய் வெளியே நடைக்கூடத்தில், இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு கீச்சொலியும் கதவைத் தாண்டி வந்தது. தொண்டை அரித்தது. கண்ணீர்தான் வந்தது, இருமல் வரவில்லை.

கதவு திறந்தது. "காலையில இங்க குடுத்த புதிரையெல்லாம் வயசுக்கு மீறியே போட்டிருக்கா. அறிவுல குறையில்ல. கவனிக்கும்போது எழும்புற மூளை அலைதான் சின்னதா இருக்கு, கை அதுக்கு முன்னாடி ஓடுது. அறிவு வேற, அவசரம் வேற. அப்படியே எழுதி டாக்டர் கையெழுத்து வாங்கித் தரேன். முதல்ல இவ தலையில தொப்பிக்காகத் தடவின பசையைக் கழுவணும்."

தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அறை நாற்காலியில் போட்டுவிட்டு, பட்டாசை அழைத்துப் போனாள்.

கோட்டின் பை ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. தாய் உள்ளே போய், கைப்பையிலிருந்து ஊசி எடுத்தாள். வெள்ளை நூல் கோத்து, ஒவ்வொரு தையலாக, பொறுமையாக ஓட்டினாள். முடிச்சிட்டு, கோட்டை இருந்தபடியே போட்டாள்.

காலடிச் சத்தம் கேட்டபோது மறுபடி நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், கைகள் தொடைக்கு அடியில்.