உள்ளே பேசுவதை உள்ளேயே பிடிப்பது

கடையை மூடிவிடலாமா என்று வுலான் கேட்டபோதெல்லாம் பிரசோஜோ, உன் இஷ்டம் என்றுதான் சொல்லியிருந்தான்.

கடை என்றால் கதவும் பூட்டும் உள்ள கடை அல்ல. அவன் மனைவி நிங்ரும் கைப்பேசிச் செயலி ஒன்றில் நடத்திய முக்காட்டுத் துணிக் கடை. மழைக்காலத்தில் டெங்கு வந்து அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் தங்கை வுலான் மிச்சச் சரக்கை விற்றுவந்தாள். ஆனால் கடைப் பக்கத்தைத் திறந்தாலே அக்காவின் பழைய நேரலை ஒன்று தானாக ஓடத் தொடங்கிவிடும். துணியை விரித்துக்காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பாள். வுலானால் அதைத் தாங்க முடியவில்லை. தன் பெயரில் புதுக் கடை போட்டுக்கொள்வதாகவும், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பழையதை மூடிவிடுவதாகவும் அன்று காலை வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவன் தலையாட்டினான்.

மூடினால் நேரலைகளும் அதோடு அழியும் என்பது குளிக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவசரமாக நுரையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

அவன் ஒலிக்காரன். கிராம ஊர்வலங்களில் அதிர்வாலேயே கூரை ஓட்டை உதிர்த்து, கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகும் ஸ்பீக்கர் லாரிக்கு இசை செய்பவன். லாரியின் பெயர் லிண்டு கூலோன், மேற்கத்தி நிலநடுக்கம். அப்படிப்பட்டவன் வீட்டில் மனைவி சாதாரணமாகப் பேசிய ஒரு பதிவுகூட இல்லை. அவளை மைக் முன் நிறுத்தியதெல்லாம் லாரியின் பெயரைக் கத்தச் சொல்வதற்குத்தான். குரல் செய்திகள் இருந்த கைப்பேசி ஒரு ஊர்வலத்தன்று வாய்க்காலில் விழுந்துவிட்டது. வேறு வாங்கவில்லை. யாராவது அழைத்தால் கணினியில்தான் மணி அடிக்கும்.

ஒரு நாள் பொறு என்று வுலானிடம் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் மூடுவதற்குள் எடுத்துவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தான்.

செயலி நேரலையைப் பார்க்க விடும், இறக்கிக்கொள்ள விடாது. ஸ்பீக்கர் முன் மைக்கை வைத்துப் பார்த்தான். பக்கத்து அரிசி மில்லின் தடதடப்பும் சேர்ந்து விழுந்தது. மில் இல்லாத நிங்ரும் வேண்டும். கணினிக்குள் ஓடும் ஒலி வெளிக்காற்றில் படாமல் நேராக இசை மென்பொருளுக்குள் விழ வேண்டும். இத்தனை வருடத் தொழிலில் அவன் அதைச் செய்ததே இல்லை. வெளியே அனுப்புவதுதான் அவன் வேலை.

மென்பொருளில் எங்கிருந்து கேட்க வேண்டும் என்ற பட்டியலைத் திறந்தான். பெயர்கள் வரிசையாக நின்றன. ஒன்றைத் தேர்ந்தான். நேரலை ஓடியது, அவள் வாய் அசைந்தது, மென்பொருளில் ஒலியைக் காட்டும் அளவுக்கோடு அசையவில்லை. இன்னொன்றைத் தேர்ந்தான். அவன் இருமியது விழுந்தது.

லாரிக்கு ஒயர் போடும் கோண்டோ புதுப் பாட்டை வாங்கிப்போக வந்தது அப்போதுதான். அவனைவிடப் பத்து வயது மூத்தவர். சாக் கோண்டோ, கோண்டோ அண்ணன், என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். பொரித்த சோயாத் தெம்பேயைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். நிங்ருமின் முகத்தைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஸ்பீக்கருக்குப் போறத மைக்ல புடிக்கிற ஆளு நீ. இது அப்படி இல்ல, ஜோ. உள்ள பேசுறத உள்ளயே புடிக்கணும். அதுக்கு ஒரு ஒயர் வேணும்."

"எந்த ஒயரு, சாக்?"

"இல்லாத ஒயரு."

அப்படி ஒரு மென்பொருள் இருந்தது. கோண்டோ அதை இறக்கிப் போட்டார். கணினி தன்னிடம் ஒரு ஸ்பீக்கர் இருப்பதாக நம்பி எல்லா ஒலியையும் அதற்குள் ஊற்றும். ஒரு மைக் இருப்பதாக நம்பி மறுமுனையில் குடிக்கும். இரண்டுமே கிடையாது, நடுவில் ஒரு பெயர் மட்டும்தான். கணினி முழுக்க இனி அந்த ஒயர்தான் வாய், அதுதான் காது என்று கோண்டோ எல்லா இடத்திலும் மாற்றி வைத்தார்.

பதிவைத் தொடங்கியதும் அளவுக்கோடு எழுந்து உச்சியில் முட்டிச் சிவந்து நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. பிடித்ததைப் பிறகு போட்டுக் கேட்டால் ஒரே ஊளை.

"கேட்டதத் திருப்பிச் சொல்லுது, சொன்னதத் திருப்பிக் கேக்குது. என் வீட்டுல நடக்குற சண்டை மாதிரி," என்று கோண்டோ ஒரு பொத்தானை அணைத்தார். கோடு இறங்கியது. நிங்ரும் பேசப் பேசப் பச்சையாக ஏறி இறங்கியது.

ஒரு விஷயம் இருந்தது. ஒரு மணி நேரப் பேச்சைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. கோண்டோ பாட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனார். பிரசோஜோ ஒரு நேரலையை ஓடவிட்டுப் பின்கட்டுக்குப் போய்த் துணி துவைத்தான். சத்தமில்லாமல் அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கோண்டோவும் லாரிக்காரர் ஒருவரோடு வாசலில் பேச்சில் மாட்டிக்கொண்டார்.

திரும்பி வந்து, ஒலியை மீண்டும் நிஜ ஸ்பீக்கருக்கு மாற்றிப் பதிவைப் போட்டான்.

"இது அகலமான துணி, அக்காமாரே, நெஞ்சு வரைக்கும் மூடும். ஊசியே வேணாம், வழுக்காது," என்றாள் நிங்ரும். மில் இல்லை, சேவல் இல்லை. அவன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "கசக்கிப் பாருங்க, மடிப்பு விழுதா? விழாது. இதே துணியில—" என்றவள், அதே மூச்சில் அடிவயிற்றிலிருந்து, "லிண்டு கூலோன், ஊரு அதிரட்டும்" என்று கத்தினாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோலச் சாம்பல் நிறத்தைப் பற்றிச் சொன்னாள்.

பின்னால் ஓட்டிக் கேட்டான். கத்தினாள். நேரலையின் அதே இடத்தைச் செயலியில் தனியாக ஓடவிட்டான். கத்தவில்லை. மறுபடி பதிவைக் கேட்டான். கத்தினாள். அதுவும் ஒரு தடவை அல்ல, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு இடத்தில் அவள் சிரிக்கும்போதே கத்தினாள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் எப்படிச் சிரித்துக்கொண்டு கத்த முடியும் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவனுக்குப் பல விஷயங்கள் இப்படித்தான் பிடிபடாமல் இருந்தன. இதையும் அவற்றோடு சேர்த்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

வாசலிலிருந்து அதைக் கேட்ட கோண்டோ உள்ளே வந்தார். சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை.

"காவலை எடுக்கலையா நீ?"

அப்போதுதான் புரிந்தது. புதுப் பாட்டை லாரியில் ஓட்டிப் பார்க்கும்போது எதிர்க் கோஷ்டிக்காரன் பதிந்துகொண்டு போய்விடுவான். அதனால் பாட்டின் மேல் விட்டு விட்டு லாரியின் பெயர் ஒலிக்கும்படி வைப்பது எல்லாரும் செய்வதுதான். பெயர் கேட்டால் திருட்டு தெரிந்துவிடும். பிரசோஜோ அந்தக் காவலை, நிங்ரும் கத்திக் கொடுத்ததை, மென்பொருளிலேயே நிரந்தரமாக மாட்டி வைத்திருந்தான். மென்பொருள் எப்போது ஓடினாலும் காவல்காரியும் ஓடுவாள். அவள் கத்தல் இல்லாத ஒயருக்குள் போய் நிங்ருமின் பேச்சோடு சேர்ந்து விழுந்திருந்தது.

"உன் வீட்டுலயே நீ திருடப் போனா அவ கத்தத்தானே செய்வா," என்றார் கோண்டோ. சொன்ன பிறகு தெம்பேத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்குக் கோபம் வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. காவலைக் கழற்றினான். கோண்டோ அவன் தோளில் கையை வைத்துவிட்டு லாரிக்குக் கிளம்பினார்.

இனி ஒன்றைப் பிடிக்கத்தான் பொழுது இருந்தது. எதைப் பிடிப்பது? பட்டியலில் நேரலைகள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் அவள் துணி விற்றுக்கொண்டிருந்தாள். முதலாவதில் கூச்சப்பட்டிருப்பாள். கடைசியில் காய்ச்சல் தொடங்கியிருக்கும். நடுவில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டான். ஒலியை மறுபடி ஒயருக்கு மாற்றிப் பதிவைத் தொடங்கினான். இந்த முறை எழுந்து போகவில்லை. ஓசையில்லாத அறையில் பச்சைக்கோடு ஏறி இறங்குவதையே பார்த்தான்.

அஸர் பாங்கு கேட்டது. தொழுகை முடிந்திருக்க வேண்டிய நேரத்தில் திரையின் மூலையில் ஒரு கட்டம் துடித்தது. வுலான் அழைக்கிறாள். மணி அடிக்கவில்லை. மணியும் ஒயருக்குள் போய்விட்டது.

எடுத்தால் அவள் குரலும் பதிவில் விழும். எடுக்காவிட்டால் மூடிவிடுவாள். கட்டம் துடித்துக்கொண்டேயிருந்தது. எடுத்தான்.

"வுலான்," என்றான். பதில் கேட்கவில்லை. பச்சைக்கோடு இரண்டு மடங்காக உயர்ந்து தாழ்ந்தது. "வுலான், மூடாத. கேக்குதா? மூடாத." கோடு ஒருமுறை சின்னதாகத் துள்ளியது. பிறகு கட்டம் மறைந்தது. அவளே வைத்துவிட்டாள்.

பதிவை நிறுத்தி, ஸ்பீக்கருக்கு மாற்றி, கடைசிப் பகுதியைப் போட்டான்.

நிங்ரும் ஒரு துணியின் ஓரத் தையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. அதன் மேல், அக்கா கணவனை மாஸ் என்று கூப்பிடும் வுலானின் குரல் வந்தது.

"மாஸ், தொழுதாச்சு. மூடிரட்டுமா?"

"இழுத்துப் பாருங்க, பிரியாது," என்றாள் நிங்ரும்.

"மாஸ்?"

"நானே தைச்சுப் பாத்து எடுத்தது."

கொஞ்ச நேரம் நிங்ரும் மட்டும் பேசினாள். பிறகு வுலான் மிகவும் மெதுவாக, "அக்கா?" என்றாள். அதோடு முடிந்தது.

அவன் சொன்னது எங்குமே இல்லை. எத்தனை முறை கேட்டாலும் இல்லை. கணினியின் காது ஒயர்தான் என்று கோண்டோ மாற்றி வைத்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. நிஜ மைக்கை யாரும் கேட்கவில்லை. வுலான் அவனை அழைத்தாள், எடுத்துப் பேசியது நிங்ரும்.

செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடாமல் வண்டியை எடுத்தான்.

வுலான் வீட்டுக் கூடத்தில், கட்டிவைத்த துணி மூட்டைகளுக்கு நடுவில் தொழுகை உடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கடைக்கென்று வைத்திருந்த கைப்பேசி மடியில் கவிழ்ந்து கிடந்தது. அவனுடைய வெறுங்காலைப் பார்த்தாள்.

"அக்கா பேசினா," என்றாள்.

அவன் ஒயரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். இல்லாத ஸ்பீக்கர், இல்லாத மைக் என்று சொல்லச் சொல்ல அவனுக்கே குழம்பியது. கணினியில் ஓடிய பழைய நேரலைதான் அவளுக்குக் கேட்டது என்பதை மட்டும் எப்படியோ சொல்லி முடித்தான். வுலான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிம்மதியா, ஏமாற்றமா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

"அப்போ நீங்க பேசவே இல்லையா?"

"பேசினேன். உனக்கு வரல."

"என்ன பேசினீங்க?"

மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அறையில் அதைத் தூக்கிக்கொண்டு போக ஒயர் எதுவும் இல்லை.

"மூடாதன்னு சொன்னேன்."

"காலையில கேட்டப்ப தலையாட்டினீங்க. அதுக்கு முன்னாடி கேட்டப்பெல்லாம் உன் இஷ்டம், உன் இஷ்டம்."

"அப்போ தெரியல."

"என்ன தெரியல?"

கவிழ்ந்து கிடந்த கைப்பேசியையே பார்த்தான். "மூடிட்டியா?" என்றான்.

"பட்டனுல விரல வச்சிட்டுத்தான் உங்களக் கூப்பிட்டேன். அவ குரலக் கேட்டப்புறம் எப்படி அழுத்துறது?" அவள் மூட்டை ஒன்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். "ஆனா அது ஓடுனா என்னால தாங்க முடியல, மாஸ். பொய் சொல்லல."

"எனக்கு ஓடலன்னா..." என்று தொடங்கினான். வுலான் காத்திருந்து பார்த்தாள். பிறகு கைப்பேசியை நிமிர்த்தி அவன் பக்கம் தரையில் தள்ளினாள்.

"அப்போ நீங்களே நடத்துங்க. சும்மா போட்டு வச்சா செயலிக்காரங்களே மூடிருவாங்க. வித்துக்கிட்டே இருக்கணும். நான் என் பேருல புதுசு போட்டுக்கிறேன்."

"எனக்குத் துணியப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு ஒயரப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் வுலான்.

கைப்பேசி அதிர்ந்தது. யாரோ ஒரு பெண் காப்பி நிறத்தில் அகலமான துணி இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். பிரசோஜோ அதை இரண்டு தடவை வாசித்தான். வுலான் அவனைப் பார்க்காமலே மூட்டைக்குள் கையைவிட்டு இரண்டு பழுப்புத் துணிகளை எடுத்து அவன் முன் போட்டாள்.

"ஒண்ணு காப்பி. ஒண்ணு கொட்டாங்கச்சி."

"எது எது?"

"நல்லாப் பாருங்க."

இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவன் இரண்டையும் எடுத்துக்கொண்டு வெயில் இருந்த வாசலுக்குப் போனான்.